பழவேற்காட்டில் பதினோரு காமிராக்கள்!

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நாலு மணிக்கு யாரும் எழுப்பாமலே எழுந்திருப்பவர்கள் இரண்டே ரகம்தான். ஒன்று பால்காரர்கள். இன்னொன்று காமிரா கிளப்காரர்கள். பால்காரருக்காவது மாசம் பிறந்தால் காசு வரும். காமிராக்காரருக்குப் போவது மட்டும்தான்!

இந்த இரண்டாவது ரகத்தோடு மூன்று வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். சென்னையில் ஒரு பேட்டை. அங்கே ஒரு பள்ளிக்கூட ஹால். மாதம் ஒரு முறை நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள். பதினைந்து நிரம்பும். ஸ்கிரீனில் ஒவ்வொரு படமாக வரும். வெளியிலிருந்து வந்த ஜட்ஜ் ஒருவர் பத்துக்கு மார்க் போடுவார். 'ஹைலைட் வெளுத்துப் போச்சு', 'அடிவானம் சாய்ஞ்சிருக்கு', 'நடுவுல எதுக்குங்க வெச்சீங்க, கொஞ்சம் ஓரமா வெக்கக் கூடாதா?' என்று விமரிசனம் வேறு. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி எல்லாவற்றிலும் ஒரு குறை!

அங்கத்தினர்களைப் பாருங்கள். பேங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒருவர், எல்லோருக்கும் 'சார்'. மருந்துக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. ஒரு கணக்கு டீச்சர். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி. இந்த நாலு பேரையும் கல்யாண வீட்டில் ஒரே பந்தியில் உட்கார வைத்தால், சாம்பாருக்கு அப்புறம் பேச விஷயம் இருக்காது. கையில் காமிராவைக் கொடுத்தாலோ, ராத்திரி பதினோரு மணிக்கு டீக்கடையை மூடும்வரை கிளம்ப மாட்டார்கள்.

இவர்களை ஒன்று சேர்க்கிற இன்னொரு விஷயம், பொய். லென்ஸ் விலையைப் பற்றிய பொய்! டீச்சர் தன் மாமியாரிடம் எண்பதாயிரம் ரூபாய் லென்ஸை 'எட்டாயிரம்மா, அதுவும் பழசு' என்று சொல்லி வைத்திருக்கிறார். யார் வீட்டுக்கு யார் போனாலும் ஒரு பூஜ்யத்தைக் குறைத்தே பேச வேண்டும் என்பது கிளப்பின் எழுதாத சட்டம். பி.காம். படித்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், இந்தக் கணக்கை எந்த ஆடிட்டராலும் டேலி பண்ண முடியாது.

இந்தப் பைத்தியம் நம்ம ஊருக்குப் புதிதில்லை. ஐரோப்பாவில் போட்டோ எடுக்கும் வித்தை வெளியே தெரிந்தது 1839-ல். இருபது வருஷம்கூட ஆகவில்லை, 1850-களிலேயே மெட்ராஸில் போட்டோகிராஃபிக் சொசைட்டி வந்துவிட்டது. இங்கே ஓவியப் பள்ளியைத் தொடங்கிய டாக்டர் அலெக்சாண்டர் ஹன்ட்டர்தான் அதற்கும் பின்னால் நின்றவர். அதே சமயத்தில் கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்பவரை மாகாணத்தின் போட்டோகிராஃபராக அரசாங்கம் நியமித்தது. மனிதர் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் என்று போய்க் கோயில் கோயிலாக எடுத்துத் தள்ளினார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைத் தொடர்ச்சியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாகச் செய்தார்!

கடைசியில் என்ன ஆச்சு? 1859-ல் கவர்னராக வந்த ட்ரெவெலியன், 'இதெல்லாம் வீண் செலவு' என்று கடையைக் கட்டச் சொல்லிவிட்டார். ஆக, காமிராச் செலவைப் பார்த்து மேலிடம் கோபித்துக்கொள்வதும் மெட்ராஸில் நூற்று அறுபது வருஷத்துக்கு மேற்பட்ட சம்பிரதாயம்தான். டீச்சரின் மாமியாரைக் குறை சொல்லாதீர்கள்.

போன ஜனவரியில் கிளப் கிளம்பியது பழவேற்காட்டுக்கு. ஒரு வேன், பதினோரு பேர், பதினோரு காமிரா. ட்ரைபாடுகளையும் பைகளையும் ஏற்றிய பிறகு மனிதர்களுக்கு இடமில்லை. ஜி.என்.டி. ரோட்டில் செங்குன்றம் தாண்டி, தச்சூர் கூட்டு ரோட்டில் வலது பக்கம் திரும்பி, பொன்னேரியில் ஒரு டீ. அங்கிருந்து அரை மணியில் பழவேற்காடு. சென்னையிலிருந்து மொத்தமே அறுபது கிலோமீட்டருக்குள்தான். ஆனால், வேனில் நடந்த 'ஃபிலிமா, டிஜிட்டலா' சண்டையில் எனக்கு அது அறுநூறாகத் தெரிந்தது.

"தம்பி, எங்க காலத்துல ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம். ஒவ்வொண்ணுக்கும் மூச்சைப் பிடிச்சிக்கிட்டு எடுப்போம்" என்றார் சார். "அதுக்கும் முந்தி ஆக்ஃபா க்ளிக் த்ரீ. பன்னெண்டே படம்! ஊட்டியில செஞ்ச இந்து ஃபிலிம் போட்டு எடுத்து, பாத்ரூமையே இருட்டாக்கிக் கழுவுவேன். வீட்ல யாரும் குளிக்க முடியாது."

"சார், நான் இப்ப வேன் ஏறினதுலேர்ந்தே நாப்பது எடுத்துட்டேன்" என்றான் தம்பி.

"அதான் ஒண்ணும் சரியா வரல!"

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி நம் நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் தீவுதான் ராக்கெட் விடுகிற ஸ்ரீஹரிகோட்டா. குளிர் காலத்தில் பூநாரைகள் வரும். கூழைக்கடாக்களும் வரும். 2011 டிசம்பர் 25-ம் தேதி இங்கே படகு கவிழ்ந்து இருபது பேருக்கு மேல் செத்துப் போனார்கள். அந்தத் துயரத்துக்கு அப்புறம் உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை போட்டார்கள். அதனால் நாங்கள் கரையிலிருந்தே எடுப்பதென்று முடிவு. பூநாரைகளுக்கு அது தெரியும் போலிருக்கிறது. எந்த லென்ஸுக்கும் எட்டாத தூரத்தில் ரோஜாக் கலர் கோடாக நின்றுகொண்டன.

"எம். கிருஷ்ணன் இருந்திருந்தா வந்திருக்கும்" என்றார் அண்ணாச்சி பெருமூச்சு விட்டு. சென்னையில் வாழ்ந்த இயற்கை எழுத்தாளர், 1996-ல் மறைந்தவர். காட்டு மிருகங்களைக் கறுப்பு வெள்ளையிலேயே பிடித்தவர். வெவ்வேறு காமிராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒன்றைக் கட்டி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். அண்ணாச்சிக்கு அவர்தான் குலதெய்வம். எண்பதாயிரம் ரூபாய் லென்ஸைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்!

பறவை கைவிட்டதும் ஊருக்குள் திரும்பினோம். டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்ட்ரியா என்று ஒரு கோட்டை கட்டினார்கள். இப்போது அதன் இடிபாடுகள்கூடப் புதருக்குள். ஆனால், அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வரவேற்புக்கு நிறுத்தியிருக்கிறார்கள். பதினோரு பேரும் அந்த எலும்புக்கூடுகளையே எடுத்தோம். ஆடாமல் அசையாமல் போஸ் கொடுக்கும் ஆட்கள் வேறெங்கே கிடைப்பார்கள்?

பிறகு படகுத்துறை. ஏரித் தண்ணீரில் உட்கார்ந்து கையாலேயே துழாவி இறால் பிடித்து, பறியில் போட்டுக்கொண்டே நகரும் பெண்கள். வலை உதறுகிறவர்கள். இங்கே யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்பதற்குப் 'பாடு' என்று ஒரு பழைய முறை உண்டு. சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அதை ஒரு பெரியவர் விளக்க, டீச்சர் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்தப் பையன் வந்தான். இருபத்தைந்து வயசிருக்கும்.

"நீங்க ரெண்டு வருஷம் மின்னாடி வந்தவங்கதானே சார்? எங்க நைனாவ போட்டோ புடிச்சீங்களே... அது இருக்குதா?"

அவனுடைய நைனா போன ஆவணியில் இறந்துவிட்டார். வீட்டில் இருப்பது ஆதார் அட்டையில் உள்ள படம் ஒன்றுதான். அதைப் பெரிசு பண்ணினால் புள்ளி புள்ளியாக வருகிறதாம். "அம்மா கேட்டுக்கினே இருக்குது சார்" என்றான்.

தம்பியின் முகம் மலர்ந்துவிட்டது. ஏனென்றால், அந்தப் படம்தான் அவனுக்கு வடக்கே ஒரு போட்டியில் மெடல் வாங்கிக் கொடுத்தது. போனை எடுத்து ஆசையாகக் காட்டினான். உதய சூரியன், தங்கத் தகடு மாதிரி தண்ணீர், நடுவே வலை வீசும் கறுப்பு உருவம். பிரமாதமான படம், சந்தேகமே இல்லை.

பையன் போனை வாங்கி, கிட்டே வைத்து, தள்ளி வைத்து, சாய்த்துப் பார்த்தான்.

"நைனா மூஞ்சி எங்க சார்?"

பதினோரு பேரில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. தம்பி அன்றைக்கு எடுத்த மற்ற படங்களையெல்லாம், இடம் அடைக்கிறதென்று எப்போதோ அழித்திருந்தான். யாரைப் படம் எடுத்தாலும் பெயரை எழுதி வாங்கி, அடுத்த தடவை பிரிண்ட் கொண்டுவந்து கொடுப்பது சாருடைய வழக்கம். அதற்கென்றே பேங்க் லெட்ஜர் மாதிரி ஒரு நோட்டு வைத்திருக்கிறார். பாக்கி, செலுத்தியாச்சு என்று இரண்டு பத்தி. ஆனால், அந்தத் தடவை முழங்கால் ஆபரேஷனில் சார் படுத்திருந்தார். நோட்டும் வரவில்லை.

அப்போது அண்ணாச்சி தொண்டையைக் கனைத்தார். அண்ணாச்சி கிளப்பில் சேர்ந்து இருபது வருஷம். இதுவரை எந்தப் படத்துக்கும் ஐந்து மார்க்கைத் தாண்டியதில்லை. "ஏய் தம்பி, அன்னைக்கு நானும் அவரை எடுத்தேன்ல... மூணு மார்க்கு வாங்கிச்சே, அது."

எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. மறக்கக்கூடிய படமா அது! வலையை வைத்துவிட்டுக் கரையேறிய மனிதர், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, பல் தெரியச் சிரிக்கிறார். பின்னால் ஒரே குப்பை. போதாததற்கு அவர் தலையிலிருந்து நேராக ஒரு கம்பு முளைத்து ஆகாயத்துக்குப் போகிறது. 'மனுஷனா, ஆன்டெனாவா?' என்று ஜட்ஜ் கேட்டு, ஹாலே சிரித்தது. அண்ணாச்சியும் சேர்ந்துதான் சிரித்தார்.

திரும்பி வருகிறபோது வேனில் ஃபிலிம் சண்டை இல்லை. செங்குன்றம் வந்ததும் தம்பி மெதுவாக, "அண்ணாச்சி, பிரிண்ட், ஃபிரேம் எல்லாம் என் செலவு" என்றான். "படம் என்னுது, செலவு உன்னுதா? ஆளுக்குப் பாதி" என்றார் அவர். சார் நோட்டைப் பிரித்து, 'பாக்கி' பத்தியில் எழுதிக்கொண்டார்.

அந்த வாரமே அண்ணாச்சி மருந்துக் கடையை மூடியதும் ராத்திரி பத்து மணிக்குத் தம்பி போய்விடுவான். கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, நிழலைக் கொஞ்சம் தூக்கி, கண்ணுக்கு வெளிச்சம் கொடுத்து, மூன்று ராத்திரி வேலை. கம்பை அழிப்பது மட்டும் பாக்கி. "அழிச்சிருவோமா?" என்றான். "அவங்களைக் கேக்காம எப்பிடிடே?" என்று அண்ணாச்சி பையனுக்குப் போன் போட்டார்.

பையன் அம்மாவிடம் கேட்டுவிட்டு வந்து சொன்னான்: "அத்த எடுக்காதீங்க சார். அது எங்க படகு தள்ற கம்பு. நைனா செதுக்குனது."

மார்ச்சில் வேன் வேண்டியிருக்கவில்லை. ஒரு காரில் நாலு பேர் போனோம். பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலப் படம், கண்ணாடி போட்டது. அந்த அம்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கம்பின் மேல் விரலை வைத்து, "இது இப்பவும் இருக்குது" என்று கொல்லைப் பக்கம் கையைக் காட்டினார். எல்லோருக்கும் டீ வந்தது. சார் நோட்டில் 'செலுத்தியாச்சு' என்று எழுதித் தேதி போட்டார்.

வீட்டை விட்டு வெளியே வந்ததும் அண்ணாச்சி தம்பியின் காதில் கிசுகிசுத்தது எனக்கும் கேட்டது.

"இப்பச் சொல்லு. நாலு மார்க்காவது போட்டிருக்கலாம்ல?"

"நாலு ஓகே அண்ணாச்சி. அதுக்கு மேல கஷ்டம். குப்பை ரொம்ப இருக்கு."

அண்ணாச்சி கொஞ்சம் யோசித்து, "குப்பை இருக்கத்தான் செய்யுது" என்று ஒப்புக்கொண்டார். இரண்டு பேரும் காமிராவை எடுத்துக்கொண்டு படகுத்துறைப் பக்கம் நடந்தார்கள். வெளிச்சம் போய்விடுமாம்!