சாவி பூட்டுக்குள்ளதான் இருக்கு

பழைய கார் வச்சிருக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க. கார்புரேட்டர் கிடைக்கும், சைலன்சர் கிடைக்கும், சென்னை புதுப்பேட்டையில ஒரு நாள் சுத்தினா பானெட்டே கிடைக்கும். சாவி மட்டும் கிடைக்காது. மத்ததெல்லாம் மாடலுக்குப் பொருந்தினா போதும், சாவி அந்த ஒரு வண்டிக்குப் பொருந்தணும்.

எங்க பெரியப்பாவோட அம்பாசடர் தவளக்குப்பத்துல, கடலூர் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ஒரு கீத்துக் கொட்டகையில ரெண்டு வருஷமா பூட்டியே நின்னுச்சு. அவர் போனப்புறம் வீடு மாத்தினதுல கதவுச் சாவி தொலைஞ்சு போச்சு. இஞ்சின் சாவி மட்டும் சாமி மாடத்துல பத்திரம். அண்ணன் ஒரு காயலான் கடைக்காரரைக் கூட்டிட்டு வந்தார். "கண்ணாடியை உடைச்சு எடுத்துக்கறோம்"னு அவர் சொல்ல, பெரியம்மா கறாரா சொல்லிட்டாங்க: "உடைக்கிறதா இருந்தா உங்க பணமே வேணாம். கதவைத் தொறந்து காட்டுங்க. விக்கலாமா வேணாமான்னு அப்புறம் சொல்றேன்."

ஆக, அது காரா பழைய இரும்பான்னு முடிவு பண்ண வேண்டியது ஒரு சாவி!

நான் பொட்டி தட்டுறவன். முதல்ல இணையத்துலதான் தேடினேன். அம்பாசடர், பிரிட்டனோட மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் மூணோட வாரிசு. மேற்கு வங்காளம் உத்தர்பாராவில் 2014 மே மாசம் தயாரிப்பு நின்னுச்சு. 2017-ல் அந்தப் பேரை பிரெஞ்சுக்காரங்க, பூஷோ கம்பெனி, 80 கோடி ரூபாய்க்கு வாங்கினாங்க. பாண்டிச்சேரிக்காரனுக்கு இதைப் படிச்சா சிரிப்பு வருமா வராதா :-) ஆனா பேரை வாங்கினவங்ககிட்ட எங்க கதவுச் சாவி இருக்கவா போகுது?

தேடினதுல ஒரு சுவாரசியம். அந்தக் கால பிரிட்டிஷ் கார்கள் பலதுல பூட்டு மேலயோ கைப்பிடியிலயோ ஒரு நம்பர் அடிச்சிருப்பாங்க. அது தெரிஞ்சா அதே சாவியை வெட்டி வாங்கிடலாம். வில்மாட் பிரீடன் கம்பெனியோட எஃப்.எஸ். வரிசையில 876-லிருந்து 955 வரைக்கும், மொத்தமே 80 விதச் சாவிதான். ஏழு பிட்டுக்குள்ள அடங்குற பாஸ்வேர்ட்! இதை நம்பித்தான் ஆயிரக்கணக்கான கார்களைத் தெருவுல விட்டுட்டுத் தூங்கியிருக்காங்க. எங்க பூட்டுல பார்த்தா, கடல் காத்து எந்த நம்பரையும் மிச்சம் வைக்கலை.

கடைசியில பாண்டியில ரோட்டோரம் குடை போட்டு உட்கார்ந்திருக்கிற ஒரு சாவிக்காரப் பெரியவர்தான் வந்தார். வந்ததும் முதல் கேள்வி: "ஆர்.சி. புக் எங்க தம்பி?" பேரைப் பார்த்து, பெரியம்மாவை ரெண்டு கேள்வி கேட்டப்புறம்தான் பையையே திறந்தார்.

"உடைக்கலாமே ஐயா, சீக்கிரம் முடியுமே"ன்னு அண்ணன் கேட்டார்.

"உடைக்க அஞ்சு நிமிசம் போதும். அப்புறம் அது பூட்டு இல்ல தம்பி, ஓட்டை."

பூட்டுக்குள்ள சின்னச் சின்னத் தகடுகள், ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஸ்பிரிங். சரியான சாவி போனா எல்லாத் தகடும் சிலிண்டருக்குள்ள அடங்கி ஒரே மட்டத்துக்கு வரும், சிலிண்டர் சுத்தும். பெரியவர், பல் வெட்டாத பித்தளைச் சாவி ஒண்ணை உள்ளே விட்டு, லேசா முறுக்கி அசைச்சு, வெளியே எடுத்து வெயில்ல சாய்ச்சுப் பார்த்தார். தடுக்கிற தகடு பித்தளையில ஒரு சின்னக் குறி வச்சிருக்கும். அந்த இடத்துல மட்டும் அரத்தால ரெண்டு இழுப்பு. திரும்ப உள்ளே. திரும்ப வெயில். குறி விழாத இடத்தைத் தொடவே மாட்டேங்கிறார். நாங்க லாக் ஃபைலைப் பார்த்து பக் தேடுறோமே, அதே வேலை. என்ன, இங்க ஒரு இழுப்பு அதிகமாப் போனா 'அண்டூ' கிடையாது.

ஒண்ணரை மணி நேரம். 'டக்'.

உள்ளே பெருசா ஒண்ணும் இல்லை. சீட்டு மேல பெரியப்பாவோட துண்டு, டேஷ்போர்டுல ஒரு இன்சூரன்ஸ் காகிதம். பெரியம்மா துண்டை எடுத்து மடிச்சு வச்சுக்கிட்டாங்க. "இப்போதைக்கு விக்க வேணாம்"னாங்க. அண்ணனும் ஒண்ணும் பேசலை.

உங்க தொழிலை யாராவது கத்துக்கிறாங்களான்னு பெரியவரைக் கேட்டேன். "இப்ப வர்ற வண்டிச் சாவியில சிப்பு இருக்கு தம்பி. அது உங்க வேலை"ன்னார். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைச்சுது, சந்தோஷம். தொலைஞ்ச சாவியை பூட்டையே படிச்சு எழுதுற இந்தக் கைக்கு எந்தக் குறியீடும் இல்லை. ஊருக்கு நாலு பேர் இருந்தாலே அதிகம்.

அவர் சொல்லிட்டுப் போனதை உங்களுக்கும் சொல்லிடறேன். புதுச் சாவியில உடனே ஒரு நகல் எடுத்து நகலைப் புழங்குங்க, மூலம் பீரோவுல இருக்கட்டும். தேய்ஞ்ச சாவிக்கு நகல் எடுத்தா தேய்மானத்துக்கும் சேர்த்துத்தான் நகல். பூட்டுக்குள்ள எண்ணெய் விட்டா தூசி ஒட்டும், பென்சில் கரித்தூள் நல்லது. பூட்டுல நம்பர் இருந்தா இன்னைக்கே குறிச்சு வைங்க. முக்கியமா, பழைய பூட்டைத் தூக்கிப் போடாதீங்க. அது இருக்கிற வரைக்கும் சாவி தொலையலைன்னு அர்த்தம்.

டிஸ்கி: இது பூட்டு திறக்கும் பயிற்சி வகுப்பு அல்ல. நான் ஒரு பழைய தொங்கு பூட்டுல முயற்சி பண்ணிப் பார்த்தேன். மூணு பித்தளைச் சாவி காலி, பூட்டு அப்படியே இருக்கு!