கோப்பைக்குப் பிறகு

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதுச்சத்திரத்தில் என்னிடம் படித்த ஒருவர் போன வாரம் போன் செய்தார். அவருடைய பையன் கல்லூரிக் கிரிக்கெட் போட்டியில் தொடர் நாயகன் விருது வாங்கியவன். அதன் பிறகு இரண்டு வருடமாகத் தேர்வுக்குப் போகிறான்; பட்டியலில் பெயர் வரவில்லை. "அவ்வளவு பெரிய கோப்பை வாங்கினவனுக்கு ஏன் சார் இப்படி?" என்று கேட்டார். ஏமாற்றிவிட்டார்களோ என்ற சந்தேகம் அவர் குரலில் இருந்தது. இந்தக் கேள்வி நம்மில் பலர் வீட்டில் இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

கல்லூரி விளையாட்டைத் திருவிழாவாகக் கொண்டாடும் நாடு அமெரிக்கா. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அவர்களுடைய கால்பந்தில், கல்லூரி அளவில் சிறந்த ஆட்டக்காரருக்கு ஆண்டுதோறும் ஹைஸ்மன் கோப்பை கொடுக்கிறார்கள். 1935-ல் அந்த விருதை முதன்முதலாகப் பெற்றவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். மறு ஆண்டு தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோதும் முதல் பெயர் அவருடையதுதான். சம்பளம் ஒத்துவரவில்லை. ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடாமல் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

அவருக்குப் பின்னால் வந்தவர்களின் கதை பல விதம். 1988-ல் வாங்கிய பாரி சாண்டர்ஸ் தொழில்முறை ஆட்டத்திலும் பெரும்புகழ் பெற்றார். 1993-ல் வாங்கிய சார்லி வார்டை எந்தக் கால்பந்து அணியும் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் கூடைப்பந்துக்குப் போய் நியூயார்க் நிக்ஸ் அணியில் பல ஆண்டுகள் ஆடினார். 2012-ல் வாங்கிய ஜானி மான்செல் தொழில்முறை அணியில் இரண்டே பருவம்தான் நிலைத்தார். மறுபக்கம், 2000-ல் 199-வது ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட டாம் பிரேடி, அந்தக் கோப்பையைத் தொடாதவர், 7 முறை சாம்பியன் பட்டம் வென்றார்.

காரணம் புரியாததல்ல. கல்லூரியில் எதிரே நிற்பவர்களில் பலர் படிப்பு முடிந்ததும் பந்தை மறந்து வேலைக்குப் போகிறவர்கள். தொழில்முறையில் எதிரே நிற்கும் ஒவ்வொருவரும் தன் கல்லூரியில் முதல்வன். இன்னொன்றும் உண்டு. அங்கே கடந்த பருவத்தில் மோசமாகத் தோற்ற அணிக்குத்தான் வீரரைத் தேர்ந்தெடுக்கும் முதல் உரிமை. அதனால் பெயர் பெற்ற பையன் பலவீனமான அணியில் போய் மாட்டிக்கொள்வதும் நடக்கிறது.

நம் கிரிக்கெட்டுக்கு வருவோம். கணக்கு வாத்தியார் புத்தி, எண்ணிப் பார்த்தேன். 2000 முதல் 2024 வரை 19 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பையில் தொடர் நாயகன் ஆனவர்கள் 13 பேர். யுவராஜ், தவான், புஜாரா, கில், ஜெய்ஸ்வால் எல்லாரும் அதில் உண்டு. 13 பேரில் 11 பேர் தங்கள் நாட்டின் முதன்மை அணிக்கு ஆடிவிட்டார்கள். ஆகவே விருது பொய்யில்லை. திறமையைத்தான் அடையாளம் காட்டுகிறது.

ஆனால் மீதி இரண்டு பேரையும் பாருங்கள். ஒருவர் தென்னாப்பிரிக்காவின் டொமினிக் ஹென்ட்ரிக்ஸ். மற்றவர் 2012-ல் ஆஸ்திரேலிய அணித் தலைவரான வில் பொசிஸ்டோ. அந்த ஆண்டு டவுன்ஸ்வில் இறுதிப் போட்டியில் அவர் ஆட்டமிழக்காமல் 87. நம் அணித் தலைவர் உன்முக்த் சந்த் ஆட்டமிழக்காமல் 111. கோப்பை நமக்கு. அன்று இரு தலைவர்களும்தான் பேச்சு. இருவருக்கும் தங்கள் நாட்டின் முதன்மை அணியில் இடம் கிடைக்கவில்லை. சந்த் 2021-ல் இந்தியக் கிரிக்கெட்டிலிருந்து விலகி அமெரிக்கா போனார். அதே ஆஸ்திரேலிய அணியில் இருந்த டிராவிஸ் ஹெட் 2023 உலகக்கோப்பை இறுதியில் நம்மை என்ன செய்தார் என்று உங்களுக்கே தெரியும்.

அந்தத் தொடரில் காலிறுதியிலும் அரையிறுதியிலும் ஆட்டநாயகன் நம் தமிழ்நாட்டுப் பையன் பாபா அபராஜித். அவருக்கும் இந்திய அணியில் இடம் வரவில்லை. ஆனாலும் ரஞ்சியில் பத்தாண்டுக்கு மேல் ஆடினார். அதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இனி நம் சேலத்துச் சீமை. சின்னப்பம்பட்டி நடராஜன் ஏறத்தாழ 20 வயது வரை டென்னிஸ் பந்தில் ஆடியவர். 19 வயதுக்குட்பட்டோர் விருது எதுவும் அவரிடம் இல்லை. 2015-ல் ரஞ்சியில் இறங்கினார். பந்துவீச்சு முறை சரியில்லை என்று புகார் வந்தது. முறையைத் திருத்திக்கொண்டு, தமிழ்நாடு பிரீமியர் லீக் வழியாகத் திரும்பி வந்தார். 2020 டிசம்பரிலிருந்து 2021 ஜனவரிக்குள் ஆஸ்திரேலியாவில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். பிரிஸ்பேன் டெஸ்டில் இறங்கியபோது வயது 29.

கோப்பை, முடிந்த வேலைக்குக் கிடைத்த கூலி. அடுத்த வேலைக்கு அது முன்பணம் ஆகாது. இதைப் பெற்றோர் புரிந்துகொண்டால் பாதிச் சுமை இறங்கும். நாமக்கல் மாவட்டத்தில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று ஒரு காலத்தில் நாம் கொண்டாடிய கொண்டாட்டம் நினைவிருக்கிறதா? 2017-ல் அரசு அந்த ரேங்க் அறிவிப்பையே நிறுத்தியது. பதினேழு வயதில் ஒட்டிய பட்டத்தை வாழ்நாள் முழுக்கச் சுமந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என் மாணவருக்கு நான் சொன்னது இவ்வளவுதான். பையன் ஆடட்டும், எத்தனை வருடம் என்று இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். டிகிரியை விடவேண்டாம். ரயில்வே, காவல்துறையில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை உண்டு, விண்ணப்பிக்கட்டும். பயிற்சியாளர், நடுவர் என்ற வழிகளும் இருக்கின்றன. "கோப்பை வாங்கினவன்தானே நீ" என்று மட்டும் வீட்டில் யாரும் சொல்லிக் காட்டாதீர்கள்.

உங்களில் பலர் மாவட்ட, மாநில அளவில் ஆடியவர்கள். கோப்பைக்குப் பிறகு என்ன ஆனது என்று கீழே எழுதுங்கள். இப்போது ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் படிக்கட்டும். எல்லோரும் நலமாக இருங்கள்.