யார் கொடுக்கலாம்?

ரத்ததானம், கண்தானம் தெரியும். மலதானம்? முகம் சுளிக்காமல் மேலே படியுங்கள்.

சளிக்காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்ட என் மனைவிக்கு விடாத வயிற்றுப்போக்கு. குடலில் நல்ல கிருமிகள் அழிந்து, 'குளோஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில்' என்ற பொல்லாத கிருமி பெருகிவிட்டதாம். மருந்து கொடுத்தால் நிற்கும், நிறுத்தினால் திரும்பும். ஆள் பாதியாகிவிட்டாள். மூன்றாம் முறை வந்தபோது, ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைக் கரைத்து, வடிகட்டி, குடலுக்குள் செலுத்தலாம் என்றார் டாக்டர். 2013-இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில் இப்படிச் சிகிச்சை பெற்ற 16 பேரில் 15 பேர் குணமானார்களாம்.

"நான் தர்றேன்" என்று முந்திக்கொண்டான் பெரியவன். சர்க்கரை நோய் இருப்பதால் வேண்டாம் என்றார் டாக்டர். சின்னவன் போன மாதம்தான் பல்வலிக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தான். எனக்கு வயது 72.

"ரத்த சொந்தம், ரத்த குரூப் எதுவும் பொருந்த வேண்டாம் சார். கொடுப்பவருக்கு நோய் இருக்கக்கூடாது, அவ்வளவுதான்" என்றார் அவர்.

"அத்தைக்கு நான் தரட்டுமா மாமா?" என்றாள் பெரிய மருமகள். நானாகக் கேட்டிருக்க மாட்டேன், கூச்சம்.

எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள், குடல் புழு, மருந்துக்கு அடங்காத கிருமி என்று சோதனைக்கு மேல் சோதனை. 2019-இல் அமெரிக்காவில், கடைசியாகச் சொன்ன அந்தச் சோதனையைச் செய்யாத மலத்தால் ஒருவர் இறந்தாராம். அதனால் நாங்கள் அவசரப்படுத்தவில்லை.

எல்லாவற்றிலும் மருமகள் தேறினாள். சிகிச்சை முடிந்து ஓராண்டு, நோய் திரும்பவில்லை. பெற்ற பிள்ளைகளால் முடியாததை வந்த மகள் கொடுத்தாள்.