மகளுக்கு எந்த ஜெர்மனி?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மகளோடு ஒரு கன்சல்டன்சிக்குப் போய்வந்தேன். இயந்திரவியல் கடைசி வருஷம் படிக்கிறாள். அடுத்த வருஷம் ஜெர்மனியில் முதுகலை சேர வேண்டும் என்பது அவள் ஆசை. அங்கிருந்த இளைஞர் மதிப்பெண் பட்டியலை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கல்லூரிப் பெயர்களை எழுதித் தந்தார். எல்லாமே தனியார். "அரசு யுனிவர்சிட்டியெல்லாம் ரொம்பப் போட்டிங்க மேடம். இதுல சீட் கேரண்டி. லோனும் நாங்களே ஏற்பாடு பண்ணித் தர்றோம்."

வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. ஜெர்மனியில் பெரும்பாலான மாணவர்கள் படிப்பது அரசுப் பல்கலைக்கழகங்களில். அவற்றில் பெரும்பாலானவை வெளிநாட்டுப் பிள்ளைகளிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. ஆள் சேர்த்துவிடக் கமிஷன் தருவது பொதுவாகத் தனியார் கல்லூரிகள்தான். தனியார் என்றாலே மட்டம் என்று சொல்லமாட்டேன். அரசு அங்கீகாரம் பெற்ற கல்லூரியின் பட்டம் அங்கே செல்லும். ஆனால் கடன் வாங்கிப் படிக்கப்போகும் பிள்ளையிடம் கடன் குறைந்த வழியை மறைப்பது அநியாயம். வங்கியில் கல்விக் கடன் கோப்புகளைப் பார்க்கிறவள் நான். தவணை கட்ட வழியில்லாமல் வந்து நிற்கும் பிள்ளைகளின் முகம் எனக்குத் தெரியும்.

இனி நாங்களே படித்துப் பார்த்து முடிவெடுப்பது என்று இரவு பேசிக்கொண்டோம்.

ஆகஸ்ட் 9, சனி

கட்டணமில்லை என்பது அந்த நாட்டில் என்றைக்கும் இருந்த நிலை அல்ல. கல்வி அங்கே 16 மாநிலங்களின் கையில் இருக்கிறது. 2005இல் அரசியல் சாசன நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொல்ல, பல மாநிலங்கள் பருவத்துக்கு 500 யூரோ அளவில் வசூலிக்கத் தொடங்கின. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஒவ்வொரு மாநிலமாகப் பின்வாங்கி, கடைசியாகக் கீழ் சாக்சனி 2014இல் கைவிட்டது. கட்டணம் வேண்டாம் என்று மக்கள் போராடித் திருப்பி வாங்கிய உரிமை அது. அதில் நம் பிள்ளைகளுக்கும் பங்கு கொடுத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

விதிவிலக்கும் உண்டு. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்தில் சேர்ந்த அத்தகைய மாணவர்களிலிருந்து தொடங்கி, பாடத்தைப் பொறுத்துப் பருவத்துக்கு 2,000 முதல் 6,000 யூரோ வரை கேட்கிறது. ஆகவே "ஜெர்மனி இலவசம்" என்று பொத்தாம்பொதுவாக யாராவது சொன்னால், எந்த மாநிலம், எந்தப் பல்கலை என்று கேட்க வேண்டும்.

உண்மையான செலவு சாப்பாடும் வாடகையும். விசாவுக்கு முன்பே முடக்கக் கணக்கில் 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும். அங்கே போனபின் மாதம் 992 யூரோவாக அது அவள் கைக்கு வரும். யூரோ நூறு ரூபாயைத் தாண்டி நிற்கும் இந்த நேரத்தில் கிட்டத்தட்டப் பன்னிரண்டு லட்சம். எங்களைப் போன்ற குடும்பத்துக்கு இது சின்னத் தொகை அல்ல. ஆனாலும் அது அவளுடைய பணம். அவள் சாப்பாட்டுக்கும் அறைக்கும் போகிற பணம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்று வீட்டில் பெரிய விவாதம். டி.யூ. எனப்படும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமா, எஃப்.ஹெச். எனப்படும் பயன்பாட்டு அறிவியல் கல்லூரியா?

"எஃப்.ஹெச்.னா நம்மூர் பாலிடெக்னிக் மாதிரிதானே?" என்றார் என் கணவர். சொந்தக்காரர்களும் நாளைக்கு இதைத்தான் கேட்பார்கள். அப்படியில்லை. 1968இல் மேற்கு ஜெர்மனியின் மாநிலங்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தால், பழைய பொறியியல் பள்ளிகளை உயர்த்தி உருவாக்கியவை இவை. இங்கே பேராசிரியராக வர ஐந்தாண்டு வேலை அனுபவம் வேண்டும், அதில் மூன்றாண்டாவது பல்கலைக்கு வெளியே இருந்திருக்க வேண்டும். பட்டறையைப் பார்த்தவர்தான் பாடம் எடுக்கிறார். வகுப்பும் சிறியது. இறுதி ஆய்வேட்டைப் பலர் ஒரு கம்பெனிக்குள்ளேயே செய்கிறார்கள். முதுகலைப் பட்டத்துக்குச் சட்டப்படி டி.யூ. பட்டத்தோடு சம மதிப்பு.

முனைவர் பட்டத்தில்தான் வித்தியாசம். அதை வழங்கும் உரிமை நெடுங்காலம் பல்கலைக்கழகங்களிடம் மட்டுமே இருந்தது. ஹெஸ்ஸன் மாநிலத்தில் ஃபுல்டா நகரத்துக் கல்லூரி 2016இல் முதன்முதலாக அதைப் பெற்றது. பின்னர் வேறு சில மாநிலங்களும் கதவைத் திறந்தன. ஆராய்ச்சியே வாழ்க்கை என்று நினைக்கிற பிள்ளைக்கு டி.யூ. நேர்வழி.

அவர் இன்னும் முழுதாகச் சமாதானமாகவில்லை. 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு எழுந்த சென்னை ஐ.ஐ.டி.யை நினைத்து வளர்ந்த தலைமுறை. ஜெர்மனி என்றாலே அவருக்குப் பெரிய பெயர்கொண்ட பல்கலைதான். மகள் அமைதியாகச் சொன்னாள்: "அப்பா, எனக்கு மெஷின் பக்கத்துல நிக்கணும்." அவள் லேத் முன்னால் நின்றால் சாப்பாடு மறந்துபோகிறவள். எனக்கு அந்தப் பதில் போதும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மதிப்பெண் கணக்கு. ஜெர்மனியில் 1.0 உச்சம், 4.0 தேர்ச்சியின் எல்லை. நம் மதிப்பெண்ணை மாற்ற பவேரியச் சூத்திரம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். உச்ச மதிப்பெண்ணிலிருந்து நாம் வாங்கியதைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும்.

மகளுக்குப் பத்துக்கு 7.2. அவள் கல்லூரியில் தேர்ச்சிக்கு 5 வேண்டும். கணக்கு 2.68 என்று வருகிறது. அதே 7.2 வாங்கிய இன்னொரு பிள்ளையின் கல்லூரியில் தேர்ச்சி 4 என்றால் அவளுக்கு 2.4. ஒரு படிப்பு 2.5 கேட்டால் ஒருத்தி உள்ளே, ஒருத்தி வெளியே! உழைப்பில் எள்ளளவும் வித்தியாசமில்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் தெரிந்துகொண்டால் எங்கே விண்ணப்பிப்பது வீண் என்பதும் தெரிந்துவிடும். கட் ஆஃப் வைக்காமல், தகுதியிருந்தால் எல்லோரையும் சேர்க்கும் படிப்புகளும் இருக்கின்றன.

மொத்த மதிப்பெண்ணோடு விஷயம் முடிவதில்லை. கணிதம் எத்தனை கிரெடிட், இயக்கவியல் எத்தனை கிரெடிட் என்று பாடவாரியாகப் பார்க்கிறார்கள். அவர்கள் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. இளங்கலைக்குக் குறைந்தது 180. கல்லூரிப் பாடத்திட்டத்தை எடுத்து வைத்து ஒவ்வொரு பாடமாக ஒப்பிட்டோம். ராத்திரி பதினொன்று ஆகிவிட்டது. அவளுக்கே அவள் படித்த படிப்பு ஒழுங்காகக் கண்ணில் தெரிந்தது இன்றுதான் என்றாள்.

செப்டம்பர் 6, சனி

இனி ஆக வேண்டிய வேலைகள். இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து படிப்பு ஆவணங்களைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். பல கல்லூரிகளுக்கு யூனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக விண்ணப்பிக்க வேண்டும். முதல் இடத்துக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. குளிர்காலப் பருவத்துக்கு ஜூலை 15 கடைசி நாள் என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆனால் வெளிநாட்டவருக்குச் சில இடங்களில் மார்ச்சிலேயே மூடிவிடுகிறார்கள்.

முதுகலையை ஆங்கிலத்திலேயே படிக்கலாம். ஆனால் பட்டறை மேஸ்திரியும் வீட்டுக்காரரும் ஜெர்மன்தான் பேசுவார்கள். எஃப்.ஹெச். வழியில் கம்பெனிக்குள் போக நினைக்கிறவள் மொழி இல்லாமல் போகக் கூடாது. நுங்கம்பாக்கம் மேக்ஸ் முல்லர் பவனின் இணைய வகுப்பில் சேரப்போகிறாள். படிப்பு முடிந்தால் வேலை தேட 18 மாதம் தங்க அனுமதிக்கிறார்கள்; அந்தக் காலத்தில் கைகொடுப்பதும் மொழிதான்.

விண்ணப்பிக்கப்போகும் கல்லூரிகளின் பட்டியலில் பெரும்பாலும் எஃப்.ஹெச்., அப்பாவுக்காக ஒன்றிரண்டு டி.யூ. கன்சல்டன்சியிலிருந்து இன்று மறுபடி போன் வந்தது. "சீட் போயிடும் மேடம்" என்றார் அந்த இளைஞர். எங்கள் தெருவில் இதே ஆசையோடு இன்னொரு பையன் இருக்கிறான், லோனுக்குக் கையெழுத்துப் போடப்போவதாகக் கேள்வி. நாளைக் காலையில் மகளையும் கூட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போகிறேன்.