மூச்சைப் பிடிக்க முடியாத வாத்தியார்



ஒரு மாதமாக இந்தப் பக்கம் நான் வரவில்லை. "உடம்பு சரியில்லையா சார்?" என்று பலர் போனில் கேட்டீர்கள். அப்போது மழுப்பினேன். இப்போது சொல்லிவிடுகிறேன்.

வயிற்று ஸ்கேன் எடுத்தபோது கல்லீரலில் இரண்டு சென்டிமீட்டரில் ஏதோ தெரிந்தது. "டை போட்டு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துடலாம்" என்றார் டாக்டர். படூருக்குத் திரும்பி வரும்வரை நானும் வீட்டுக்காரம்மாவும் பேசவில்லை. இரண்டு பேருக்கும் என் தம்பி ஞாபகம்தான். கல்லீரல் புற்று என்று தெரிந்தபோது அவனுக்கு நேரம் கடந்திருந்தது.

முதல் ஸ்கேன் தோற்றுப்போனது. குழாய்க்குள் தறி ஓடுகிற மாதிரி சத்தம். "மூச்சை இழுங்க, விடுங்க, அப்படியே நிறுத்துங்க" என்று ஸ்பீக்கரில் குரல். பதினைந்து, இருபது விநாடி நிறுத்த வேண்டும். முப்பத்தைந்து வருடம் சாக்பீஸ் தூள் குடித்த நெஞ்சு, பத்து எண்ணுவதற்குள் இருமிவிட்டது. குரூப் போட்டோவில் உங்களை "ஆடாதே" என்று அதட்டியவன் அன்று ஆடிவிட்டேன். அசைவினால் படம் தெளிவாக இல்லை என்று ரிப்போர்ட் வந்தது.

மறுபடி எடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். இதில் நேரம்தான் எல்லாம். கல்லீரலுக்கு முக்கால் பங்கு ரத்தம் குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது; கால் பங்குதான் தமனி வழியாக. புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தையே குடிக்கும். அதனால் காடோலினியம் கலந்த அந்த டை ஊசி போட்ட அரை நிமிடத்துக்குள் கட்டி பளிச்சென்று தெரியும், பிறகு மங்கும். அந்தச் சில விநாடிகளில் படம் கலங்கினால், அந்தக் காட்சிக்காக இன்னொரு நாள் புதிதாக ஊசி போட வேண்டும்.

மூன்று வாரம் கழித்து வேறு இடத்தில், புது முறையில் எடுத்தார்கள். "சாதாரணமா மூச்சு விடுங்க சார், போதும்" என்றார் அந்தப் பெண். எனக்கு நம்பிக்கையே வரவில்லை.

பிறகு படித்துப் பார்த்தேன். மாயச்சதுரம் ஞாபகம் இருக்கிறதா? ஒன்பது கட்டத்தில் நாலைந்து எண் மட்டும் கொடுத்து, எப்படிக் கூட்டினாலும் 15 வரணும் என்பேன். மீதியை நீங்களே கண்டுபிடிப்பீர்கள். இதுவும் ஏறக்குறைய அப்படித்தான். மிஷின் எல்லா அளவையும் எடுப்பதில்லை. கொஞ்சம் எடுத்து, மீதியைக் கணக்குப் போட்டு நிரப்புகிறது. 2007இல் லஸ்டிக், டோனஹோ, பாலி மூவரும் எம்ஆர்ஐக்கு இந்த வழியைக் காட்டினார்கள். 2013இல் ஹெர்ஷ் சந்தரானா முதலானோர், சைக்கிள் சக்கரக் கம்பிகள் மாதிரி நடுவைத் தொட்டுத் தொட்டு அளவெடுத்து, மூச்சு விட்டுக்கொண்டே கல்லீரலைப் படம் எடுக்கலாம் என்று எழுதினார்கள். ஒவ்வொரு கம்பியும் நடு வழியாகப் போவதால் மூச்சின் ஆட்டம் படத்தை அவ்வளவாகக் கெடுப்பதில்லை.

எனக்கு வந்த படத்தில் டை ஓரத்திலிருந்து மெதுவாக உள்ளே நிரம்பியது, சீக்கிரம் மங்கவில்லை. ஹிமாஞ்சியோமா, அதாவது வெறும் ரத்தக்குழாய் முடிச்சு. புற்று இல்லை. அன்று சாயங்காலமே திருப்போரூர் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தோம்.

உங்களுக்கு ஸ்கேன் எழுதிக்கொடுத்தால், மூச்சுப் பிடிக்க முடியாது என்பதை முன்னாடியே சொல்லுங்கள். கிட்னி கோளாறு, பேஸ்மேக்கர், பழைய அலர்ஜி எதையும் மறைக்காதீர்கள்.

கடைசியாக, தம்பி பிள்ளைகளே, இது உங்களுக்கு. அப்பாவுக்கு ஹெபடைடிஸ் பி இருந்தது. ஊர் என்ன சொல்லுமோ என்று நான்தான் வெளியே சொல்லக் கூடாது என்றேன். அது தப்பு. அது வெட்கப்படுகிற வியாதி இல்லை. ரத்தத்தாலும் பிரசவத்திலும் உடலுறவிலும் பரவுகிற கிருமி. நான் டெஸ்ட் எடுத்துவிட்டேன், இல்லை என்று வந்தது. நீங்களும், அம்மாவும் எடுங்கள். இல்லையென்றால் தடுப்பூசி போடுங்கள். இருந்தால் தவறாமல் டாக்டரைப் பாருங்கள். செலவு பெரியப்பாவுடையது.

ஆசிகளுடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்