பாட்டுக்கும் ஸனது வேண்டும்

இழந்துவிட்டோம் என்று கைவிட்ட பொருள் மீண்டும் கைக்கு வருமானால், அது முதன்முதல் கிடைத்தபோது உண்டான மகிழ்ச்சியைவிடப் பெரியதொரு மகிழ்ச்சி உள்ளத்தில் சுரக்கும். பொருளுக்கே இப்படியென்றால், நம் செவியில் குடியிருந்த ஒரு குரலுக்குச் சொல்லவும் வேண்டுமோ?

கவ்வாலி இசைக்கு உலகப் புகழ் தேடித் தந்த நுஸ்ரத் ஃபத்தே அலி கான் 1997 ஆகஸ்ட் 16 அன்று தமது 48-ஆம் வயதில் மறைந்தார். 27 ஆண்டுகள் கழிந்து, 2024 செப்டம்பரில், அதுவரை வெளிவராத அவருடைய நான்கு ஒலிப்பதிவுகள் அடங்கிய தொகுப்பொன்று வெளியாயிற்று. அவை 1990-இல் இங்கிலாந்தில் ரியல் வேர்ல்ட் என்னும் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானவை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நாடாப் பெட்டிகளுக்கிடையே கேட்பாரற்றுக் கிடந்து, 2021-இல் காப்பகத்தை இடம் மாற்றும் வேளையில் கண்டெடுக்கப்பட்டவை. தொகுப்புக்கு 'செயின் ஆஃப் லைட்' என்று பெயர் சூட்டினர். 'ஒளிச் சங்கிலி' என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

இதனை ரசிகர்கள் வரவேற்ற விதத்தை நாம் நம் ஊரிலேயே கண்டோம். கொங்கு நாட்டில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ராவுத்தர் குடும்பங்களும் உருது பேசும் குடும்பங்களும் ஒரே தெருவில் அடுத்தடுத்து வாழ்கின்றன. உருது வீடுகளில் நுஸ்ரத்தின் குரல் புதிதன்று. ஆயினும் அந்தத் தொகுப்பில் இருந்த ஒரு பாடல் அனைவரையும் ஒருங்கே ஈர்த்தது. அது ஹழ்ரத் முகியித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களை விளித்துப் பாடிய கவ்வாலி. அதை நுஸ்ரத் பதிவு செய்திருந்தார் என்பதே அதற்கு முன் எவருக்கும் தெரியாது. மொழி புரியாத ராவுத்தர் வீட்டு முதியவர்களும், அந்தத் திருப்பெயர் காதில் விழுந்ததும் நிமிர்ந்து அமர்ந்தார்கள். குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்கள் 'முகியித்தீன் சதகம்' பாடியதும் அந்தப் பெருமகனார் மீதுதானே!

இசைக்கருவிகளைப் பற்றி உலமாப் பெருமக்களிடையே கருத்து வேறுபாடு உண்டென்பதை வாசகர்கள் அறிவார்கள். அந்த வழக்கை இங்கே நாம் எடுத்துக்கொள்ளவில்லை. பாடல்கள் நம் வீடுகளில் ஒலிக்கின்றன. ஒலிக்கும் பாடலை எப்படிப் பேணுவது என்பதே இப்போது நம் வினா.

அந்த 1990-ஆம் ஆண்டிலேயே, அதே கூடத்தில், நுஸ்ரத் மற்றொரு தொகுப்புக்கும் பாடினார். 'மஸ்த் மஸ்த்' என்பது அதன் பெயர். கனடா நாட்டு இசைஞர் மைக்கேல் புரூக் மேலை நாட்டுக் கருவிகளையும் தாளங்களையும் கவ்வாலியோடு இணைத்து அதனை உருவாக்கினார். அதன் பெரும்பகுதியில் பாட்டின் சொற்களே இல்லை, ஸ்வரங்களும் ஆலாபனையுமே உண்டு. மரபு வழியில் பாடிய நான்கு கவ்வாலிகள் அலமாரியில் உறங்க, இந்தக் கலப்பிசைத் தொகுப்போ உலகெங்கும் பரவிற்று. உருவாகும்போது அதில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி நம் சிந்தனைக்குரியது. பாடியதை வெட்டியும் ஒட்டியும் அமைத்தபோது, சில இடங்களில் சொற்றொடர்கள் பாதியில் அறுந்துபோயின. மொழியறியாதவர் காதுக்கு அது குறையாகத் தோன்றவில்லை. மொழியறிந்த பாடகருக்கோ பொருள் சிதைந்தது உடனே புலப்பட்டது. அவர் ஏற்க மறுத்தார், அவ்விடங்கள் திருத்தப்பட்டன. இதனைப் பின்னாளில் புரூக் அவர்களே ஒளிக்காமல் எடுத்துச் சொன்னார்.

'பழைய மரபே உயர்ந்தது' என்று ஒரு சாராரும், 'கலந்தால்தான் இளைஞர் கேட்பர்' என்று மற்றொரு சாராரும் இன்றும் வழக்காடுகின்றனர். நமக்கோ இவ்வழக்கில் சாரம் மிகுதியாக இருப்பதாகத் தோன்றவில்லை. கலப்பு நமக்குப் புதிதா? அரபு நாட்டுப் பொருளைத் தமிழ்க் கண்ணியிலும் கீர்த்தனையிலும் வைத்துப் பாடியவர்கள் நம் முன்னோர். நாகூர் தர்கா வித்துவான் எஸ். எம். ஏ. காதர் அவர்கள் கர்நாடக இசையில் தேர்ந்து, அவ்விசையிலேயே இஸ்லாமியப் பாடல்களைப் பாடியவர். கலப்பினால் நம் பாட்டு கெட்டுவிடவில்லை. சொல் அறுந்தால் கெடும், சொன்னவர் பெயர் அறுந்தாலும் கெடும். நம் கவலை இவ்விரண்டைப் பற்றியதே.

கெய்ரோவை நோக்குவோம். கிராமத்துப் பள்ளிவாசல் இமாமின் மகளாகப் பிறந்து, சிறு வயதிலேயே திருக்குர்ஆன் ஓதி நாவைப் பண்படுத்திக்கொண்டவர் பாடகி உம்மு குல்தூம். அவர் 1946-இல் கவிஞர் அஹ்மத் ஷவ்கீயின் 'நஹ்ஜுல் புர்தா' என்னும் கஸீதாவைப் பாடினார். நம் வீடுகளில் ஓதப்படும் இமாம் பூஸீரி (ரஹ்) அவர்களின் புர்தாவை முன்மாதிரியாகக் கொண்டு இயற்றப்பட்டது அது. கவிஞர் 1932-இலேயே மறைந்துவிட்டார். 14 ஆண்டுகளுக்குப் பின் ரியாளுஸ் ஸுன்பாத்தி இசையமைக்க, அரண்மனைக் கவிஞரின் செந்நடை அரபி கடைத்தெருவுக்கும் வந்து சேர்ந்தது. அரபுநாட்டு இசைத்தட்டுகளில் 'கலிமாத்' என்று எழுதிக் கவிஞர் பெயரையும், 'அல்ஹான்' என்று எழுதி இசையமைத்தவர் பெயரையும் குறிப்பது வழக்கம். எனவே உம்மு குல்தூம் 1975-இல் மறைந்த பின்னும், அப்பாடலைக் கேட்பவர் ஷவ்கீயை மறப்பதில்லை. ஷவ்கீ வழியே பூஸீரியையும் மறப்பதில்லை.

இனி நம் வீட்டுக்குத் திரும்புவோம். இசைமுரசு நாகூர் இ. எம். ஹனீபா அவர்கள் 1925 டிசம்பர் 25 அன்று பிறந்து, 2015 ஏப்ரல் 8 அன்று மறைந்தார்கள். மீலாது மேடையிலும், கல்யாணப் பந்தலின் கூம்பு ஒலிபெருக்கியிலும், திராவிட இயக்கக் கூட்டங்களிலும் ஒலித்த அந்த வெண்கலக் குரலுக்கு மாற்றுக் குரல் இன்றுவரை இல்லை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்றரை நிமிடம்தான் அடங்கும். அந்த அளவுக்குள் பிறந்த பாடல்கள் நெடுந்தட்டுக்குச் சென்றன. பின்னர் ஒலிநாடாவுக்கு வந்தன, குறுந்தகட்டுக்கு மாறின, இப்போது கைப்பேசியில் குடியேறியுள்ளன. ஒவ்வொரு முறை புது உருவில் வந்தபோதும் நாம் மகிழ்ந்து வரவேற்றோம். ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் ஏதோவொன்று வழியில் உதிர்ந்துகொண்டே வந்ததை நாம் கவனிக்கவில்லை. பாடகரின் படம் பெரிதாயிற்று, பாட்டெழுதிய புலவரின் பெயர் சிறுத்தது, பிறகு காணாமலே போயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மீலாது மேடையில், நம்மிடம் ஓதும் சிறுவன் ஒருவன், இறைவனிடம் கையேந்தச் சொல்லும் அந்தப் புகழ்பெற்ற பாடலைச் செவ்வையாகப் பாடி முடித்தான். அருகழைத்துப் பாராட்டிவிட்டு, "இதை எழுதியவர் யார், தம்பி?" என்று கேட்டோம். "நாகூர் ஹனீபா, ஹஜ்ரத்!" என்றான் தயங்காமல். மேடையில் இருந்த பெரியவர்களும் அதையே ஆமோதித்தார்கள். சமய வேறுபாடின்றித் தமிழ்நாடு முழுவதும் மனப்பாடமாகச் சொல்லும் அந்தப் பாடலை எழுதியவர் கிளியனூர் அப்துல் சலாம் அவர்கள். இவ்வாறே புலவர் ஆபிதீன், கலைமாமணி நாகூர் சலீம் முதலியோர் எழுதித் தந்த பாடல்கள் பலவும் இன்று 'ஹனீபா பாட்டு' என்ற ஒரே பெயரில் அடங்கிவிட்டன. சிறுவனைக் குறை சொல்வதற்கில்லை. அவன் கைக்குப் பாட்டு வந்து சேர்ந்தபோதே அதில் பெயர் இல்லை.

"பாடியவர் குரல் இல்லாவிடில் அந்தக் கவிதையை யார் அறிவார்?" என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். குரல் சுமந்து வந்திராவிட்டால் அந்தச் சொற்கள் ஏதோவொரு மலரின் பழைய பக்கத்தில் மடிந்திருக்கும். ஆனால் சுமந்து வந்தவரைப் போற்றுவதற்காக, ஈன்றவரை மறக்க வேண்டுமென்பதில்லை. இருவர் பெயரையும் ஒரே மூச்சில் சொல்ல நம் நாவுக்கு என்ன தடை?

அரபுக் கல்லூரிகளில் ஓதி முடித்தவருக்கு 'ஸனது' வழங்குவதை நம் சமுதாயம் விழாவாகவே கொண்டாடுகிறது. ஸனது என்றால் ஒரு தாள் மட்டும்தானா? 'இவர் இன்னாரிடம் கேட்டார், அவர் இன்னாரிடம் கேட்டார்' என்று படிப்படியாக மேலேறும் சங்கிலி அது. ஒரு ஹதீஸை எடுத்துக்கொண்டால், அதன் வாசகத்தைப் பார்ப்பதற்கு முன் அதைக் கொண்டுவந்தவர்களின் வரிசையைப் பார்ப்பது அறிஞர் வழக்கம். இமாம் அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்) அவர்கள் ஸனதை மார்க்கத்தின் ஓர் அங்கமாகவே மதித்தார்கள். அது இல்லாவிடில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடுவர் என்பது அவர்களின் கருத்து. ஹதீஸின் ஸனதும் பாட்டின் வரலாறும் ஒரே தரத்தன அல்ல என்பதை நாம் அறிவோம். ஆனால் 'இது யாரிடமிருந்து வந்தது?' என்று கேட்கும் பழக்கத்தை நமக்கு ஊட்டிய சமுதாயம், தன் பாடல்களின் விஷயத்தில் மட்டும் அக்கேள்வியை மறந்திருப்பது பொருந்துமா?

நம் அவிநாசியிலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு. திருப்புக்கொளியூர் என்னும் பழம்பெயர் பூண்ட இவ்வூரைச் சுந்தரர் பாடிய பதிகம், ஏறத்தாழ 1,200 ஆண்டுகளாக அவர்கள் மரபில் ஓதப்படுகிறது. தேவாரப் பதிப்பை எடுத்தால், பாடியவர் சுந்தரர், ஊர் திருப்புக்கொளியூர் அவிநாசி, பண் குறிஞ்சி என்று பாட்டின் தலைமாட்டிலேயே காணலாம். முதலை விழுங்கிய பாலகனைப் பல்லாண்டுகள் கழித்து வளர்ந்த உருவில் சுந்தரர் மீட்டுத் தந்தார் என்பது இவ்வூரின் தலபுராணம். அண்டை வீட்டார் சொல்ல இளமையில் கேட்ட கதை அது. மீண்டு வந்த மகனைப் பெற்றோர் அடையாளம் கண்டுகொண்டனர் என்பதில்தான் அக்கதையின் இன்பம் இருக்கிறது. நம் பழைய பாடல்களும் காலம் என்னும் முதலையின் வாயிலிருந்து மீண்டு வருகின்றன. தந்தை பெயர் கேட்டால் சொல்லத் தெரியாத பிள்ளைகளாக அவை வந்து நிற்பதுதான் நம் மனத்தை உறுத்துகிறது.

இவ்வடையாளம் முன்னைவிட இன்று மிகவும் தேவைப்படுகிறது. 2024-இல் வெளியான 'லால் சலாம்' திரைப்படத்தில், மறைந்த பாடகர்கள் ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகிய இருவரின் குரல்களையும் ஏ. ஆர். ரகுமான் செயற்கை நுண்ணறிவின் துணையால் மீண்டும் ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உரிய தொகையும் வழங்கிச் செய்த செயல் அது. எல்லோரும் அவ்வாறு கேட்டுச் செய்வார்கள் என்று எதிர்பார்க்க முடியுமா? நாளை ஒருவர், ஹனீபா அவர்கள் வாழ்நாளில் பாடியிராத பாட்டொன்றை அவர்கள் குரலிலேயே பரப்பக்கூடும். அது உண்மையா, புனைந்ததா என்று காதால் பிரித்தறிய இயலாத காலம் வந்துவிட்டது. எழுதியவர் யார், இசை யாருடையது, எந்த ஆண்டில் எந்தத் தட்டில் வந்தது என்ற வரிசை கையில் இருந்தால்தான் மெய்யையும் பொய்யையும் பிரிக்க முடியும்.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. பரணிலும் பெட்டியிலும் பழைய இசைத்தட்டோ ஒலிநாடாவோ கிடந்தால், பழைய பொருள் வாங்குவோரிடம் எடைக்குப் போடுமுன் அதன் நடுவட்டத்தையும் உறையையும் படித்துப் பாருங்கள். அச்சிட்டிருக்கும் பெயர்களையும் எண்ணையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள், முடிந்தால் படமும் எடுத்துவையுங்கள். அத்தாவுக்கோ நன்னிமாருக்கோ நினைவிருக்கும் பாடலை, 'எங்கே கேட்டீர்கள், யார் எழுதியது?' என்று அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். மீலாது மேடையில் பிள்ளைகள் பாடுமுன் புலவரின் பெயரை முதலிலும் பாடகரின் பெயரை அடுத்தும் சொல்லப் பழக்குங்கள். பாடலை இணையத்தில் ஏற்றும் இளைஞர்கள் இரண்டு வரி கூடுதலாக எழுதினால் போதும். பழைய பாடல்களை மறுவெளியீடு செய்வோரிடம், ரசிகர்கள் என்ற உரிமையோடு இப்பெயர்களைக் கேட்டு வாங்குங்கள்.

'ஒளிச் சங்கிலி'யின் நான்கு கவ்வாலிகளில் ஒன்று, 1325-இல் மறைந்த அமீர் குஸ்ரூவின் பாரசீகக் கவிதை. 700 ஆண்டுகள் வாய்வழியாக வந்தும் அவர் பெயர் அதனோடு ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. நம் காலத்தில் வாழ்ந்து, நம் தமிழில் எழுதி, நம்மைக் கண்கலங்க வைத்த புலவர்களின் பெயர் எழுபது ஆண்டுகூடத் தாங்காமல் அழிவது நியாயமாகாது. அடுத்த முறை நம் வீட்டில் ஒரு பழைய பாடல் புதிதாக ஒலிக்கும்போது, அதை எழுதியவரின் பெயரைச் சொல்லி, அவருக்காக ஒரு துஆவும் செய்வோமாக.