ஹாக்கி ஆடினா சோறு கிடைக்குமா?

1/ கோவில்பட்டின்னதும் வெளியூர்க்காரங்களுக்குக் கடலை மிட்டாயும் தீப்பெட்டியும்தான் ஞாபகம் வரும். இந்தக் கரிசல் ஊருக்கு இன்னொரு அடையாளமும் உண்டு: ஹாக்கி. சாயங்காலம் ஆனா ஸ்டிக்கைத் தோள்ல போட்டுக்கிட்டு பிள்ளைங்க மைதானத்துக்குக் கிளம்பிடுவாங்க.

2/ அதுல சிலர் கணுக்கால் பிசகி, முட்டி வீங்கி எங்க ஓ.பி.க்கு வருவாங்க. கூட வர்ற அம்மா பெரும்பாலும் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்குறவங்களா இருப்பாங்க. "சார், இதை ஆடி இவனுக்குச் சோறு கிடைக்குமா?"ன்னு கேப்பாங்க. ரொம்ப நியாயமான கேள்வி மக்களே. பதிலா நான் சொல்றது ஒருத்தரோட வாழ்க்கையை. அவர் தன்ராஜ் பிள்ளை.

3/ 1968ல புனே பக்கம் கட்கியில் பிறந்தவர். தமிழ்க் குடும்பம். அப்பா அங்க இருந்த ராணுவத் தளவாடத் தொழிற்சாலையோட மைதானத்தைப் பராமரிக்கிற தொழிலாளி. வீட்டுல அஞ்சு ஆம்பளப் பசங்க. உடைஞ்ச ஸ்டிக்கையும் தூக்கிப் போட்ட பந்தையும் வச்சு அந்தப் புழுதியில ஆடிக் கத்துக்கிட்டார்.

4/ 1992, 1996, 2000, 2004 என நாலு ஒலிம்பிக். நாலு உலகக் கோப்பை. நாலு ஆசிய விளையாட்டு. கடைசியா ஏதென்ஸ்ல ஆடுறப்போ வயசு 36!

5/ ஆனா இந்திய அணிக்கு ஆடுறதை மட்டும் நம்பி அந்தக் காலத்துல குடும்பம் நடத்த முடியாது. முதல்ல மஹிந்திரா, அப்புறம் இந்தியன் ஏர்லைன்ஸ்னு வேலையில இருந்துக்கிட்டேதான் ஆடினார். அது ஒரு கால். இன்னொரு கால் வெளிநாட்டு கிளப்புகள். லண்டன்ல இந்தியன் ஜிம்கானா, பிரான்ஸ்ல லியோன், ஜெர்மனியில ஸ்டுட்கார்ட் கிக்கர்ஸ், மலேசியாவுல டெலிகாம், வங்கதேசத்துல அபஹானி, ஹாங்காங்ல கால்சா. ஃபிஜி, சமோவா பையங்க ரக்பி ஆடி பிரான்சுக்கும் ஜப்பானுக்கும் போய் வீட்டுக்குப் பணம் அனுப்புறாங்க இல்லையா, கிட்டத்தட்ட அதே பாதை.

6/ ரெண்டு கால் ஏன் வேணும்? 1998 பாங்காக் ஆசிய விளையாட்டுல அவர் தலைமையில இந்தியா 32 வருஷத்துக்கு அப்புறம் தங்கம் ஜெயிச்சது. கொஞ்ச நாள்லயே அவரும் இன்னும் ஆறு மூத்த வீரர்களும் அணியில இல்லை. ஓய்வு கொடுத்திருக்கோம்னு சொன்னாங்க. ஆட்டத்துக்குத் தர்ற பணம் பத்தலைன்னு வாயைத் திறந்ததுக்குத் தண்டனைன்னுதான் பலரும் பேசினாங்க. திரும்ப அணிக்கு வந்து 2003ல ஆசியக் கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். அது வேற கதை. தேர்வுக்குழு கைவிட்ட மாசமும் வீட்டுல அடுப்பு எரியணும்ல?

7/ இப்போ டாக்டரா பேசுறேன். இப்படி நாடு நாடாப் போய் ஆடுறவங்களுக்கு முதலீடே உடம்புதான். ஹாக்கியில எந்நேரமும் குனிஞ்சே ஓடணும், அதனால இடுப்பு வலி சகஜம். தொடையோட பின்பக்கத் தசை கிழிஞ்சா, முழுசா ஆறுறதுக்குள்ள களத்துல இறங்கினா மறுபடி கிழியும்.

8/ முட்டி திரும்பினப்போ 'டப்'னு சத்தம் கேட்டு, ரெண்டு மூணு மணி நேரத்துல வீங்கிடுச்சுன்னா அது சாதாரணச் சுளுக்கு இல்ல. உள்ள சவ்வு கிழிஞ்சிருக்கலாம். தயவுசெஞ்சு எண்ணெய் போட்டு நீவாதீங்க. ஆட்டத்தை அங்கயே நிறுத்திட்டு ஐஸ் வச்சு, கட்டுப்போட்டு, எலும்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. "செலக்ஷன் முடியட்டும் சார்"னு வலியை மறைக்கிற பிள்ளைங்கதான் நிரந்தரமா வெளிய உக்காருறாங்க.

9/ நம்ம ஊர்லயும் வழி திறந்திருக்கு. 2022ல ஜகார்த்தாவுல நடந்த ஆசியக் கோப்பையில வெண்கலம் வாங்கின இந்திய அணியில மாரீஸ்வரன் இருந்தார், இதே கோவில்பட்டிப் பையன். கூடவே இங்க விடுதியில தங்கிப் பயிற்சி எடுத்த அரியலூர் கார்த்தியும். ஹாக்கி இந்தியா லீக்ல தமிழ்நாடு டிராகன்ஸ்னு அணியே வந்தாச்சு. இப்போ வெளிநாட்டுக்காரங்க இங்க வந்து காசுக்கு ஆடுறாங்க.

10/ அதனால அந்த அம்மாக்களுக்கு நான் சொல்றது: கிடைக்கும்மா, ஆனா எல்லாருக்கும் கிடைக்காது. பன்னெண்டாவதையும் டிகிரியையும் விட வேண்டாம். ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கும் அந்தச் சர்டிபிகேட் வேணும். காயத்தை மறைக்காம சொல்ற பழக்கத்தை இப்பவே கொண்டு வாங்க. மத்தபடி பிள்ளையை ஆட விடுங்க.

உங்க ஊர்ல ஸ்டிக் பிடிக்கிற பிள்ளை இருந்தா, அவங்க வீட்டுல இதைப் படிச்சுக் காட்டுங்க.